கண்டக்டரின் கடற்காகங்கள்

பேருந்தின் பின்படியில் ஒரு காலும் ரோட்டோரப் புல்லில் ஒரு காலுமாக, உதட்டில் விசில் இருப்பதையே மறந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்ற கோலத்தில்தான் கண்டக்டர் இப்போதும் எனக்கு நினைவுக்கு வருகிறார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை ஹாரன் அடித்தபோது அவர் விசிலை ஊதினார். ஆனால் படியில் ஏற மறந்துவிட்டார். வண்டி இருபதடி நகர்ந்த பிறகு பின்னால் ஓடி வந்து தொற்றிக்கொண்டார். மூச்சு வாங்க என் இருக்கைப் பக்கம் வந்து நின்று, யாருக்கும் கேட்காத குரலில், "டீச்சர், இன்னைக்கு ஆறு வந்துகீது" என்றார்.

நான் அப்போதே ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். வீடு கலசப்பாக்கத்தில். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி, போளூர் போய், அங்கிருந்து மலையேறும் முதல் பேருந்தைப் பிடிப்பேன். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய ஏரி, அதன் கரையோரமாகவே சாலை, சாலைக்கு மறுபக்கம் ஒரு டீக்கடை. வளைவுகளில் ஏறுவதற்கு முன் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றவும் டிரைவர் டீ குடிக்கவும் பத்து நிமிடம் அங்கே நிற்கும். சாயங்காலம் இறங்கும்போதும் அதே பத்து நிமிடம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் அந்த ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தும், பல வருடங்களாக அதில் நான் தண்ணீரைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. கையில் திருத்தாத விடைத்தாள்கள் எப்போதும் இருக்கும்.

கண்டக்டருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. கனத்த உடம்பு, கணீரென்ற குரல். அந்தத் தடத்தில் யாரிடமும் அவர் "எங்க போகணும்" என்று கேட்டு நான் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்ததும் டிக்கெட் மெஷினில் ஊரைத் தட்டிவிடுவார். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் சாமை மூட்டையோடு எந்தத் திருப்பத்தில் நிற்பார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். மலைக்காரப் பெண்கள் புளிக்கூடையைத் தூக்கி வண்டியில் வைக்கத் திணறினால் டிக்கெட் பையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தானே இறங்கித் தூக்கிவிடுவார். தெரியாது என்று சொல்வதை அவர் ஒரு குறையாகவே நினைத்தார். வம்பு ஆரம்பித்ததும் அங்கேதான்.

ஒரு கார்த்திகை மாதம், கடற்கரைப் பக்கம் புயல் அடித்து ஓய்ந்த வாரம். ஏரி நிரம்பி அலையடித்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு சிற்றூரில் இறங்க வேண்டிய பெண்மணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "கண்டக்டரே, அது இன்னா பட்சி? நம்ம கொக்கு மாதிரி இல்லியே" என்று கேட்டாள். தண்ணீருக்கு மேல் வெள்ளையாக இரண்டு பறவைகள். நீண்ட சிறகு, நிதானமான வீச்சு, திடீரென்று தண்ணீரில் பொத்தென்று இறங்கி மரக்கட்டைபோல மிதந்தன. கண்டக்டர் குனிந்து பார்த்தார். வழக்கமாக உடனே வரும் பதில் அன்று வரவில்லை. "விசாரிச்சு சொல்றேம்மா" என்றார். மறுநாளும் அந்தப் பெண் அதே வண்டியில் வந்து, "விசாரிச்சியா?" என்று கேட்டாள். அவர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

அன்று மாலை இறங்கும்போது என்னிடம் வந்தார். "டீச்சர், நீங்க படிச்சவங்க. அந்த வெள்ளப் பட்சி பேரு இன்னாங்க?" எனக்கும் தெரியவில்லை. படித்தவள் என்ற பெயர் போய்விடுமே என்ற பயத்தில் நாளை சொல்கிறேன் என்றேன். பள்ளி நூலகத்தில் யாரும் தொடாத அலமாரியில் படம் போட்ட பறவைப் புத்தகம் ஒன்று கிடந்தது. மறுநாள் ஏரிக்கரையில் வண்டி நின்றதும் நாங்கள் இருவரும் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றோம். கடற்காகம் என்று போட்டிருந்தது. கண்டக்டர் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கடல் எங்க, நம்ம மலை எங்க டீச்சர். அதுக்கு வழி தவறிப் போச்சா?" என்றார்.

வழி தவறவில்லை. வடக்கே பனி பெய்யும் பீடபூமிகளின் ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி நம் பக்கம் வருகிறவை அவை. பெரும்பாலும் கடற்கரைக்குப் போய்விடும். சில மட்டும் உள்நாட்டில் நிறைந்த ஏரியைக் கண்டால் தங்கிவிடும். இதைப் படித்துச் சொன்னதும் அந்த மனிதருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்று மலை ஏறி முடிக்கும்வரை டிக்கெட்டோடு சேர்த்து இந்தச் செய்தியையும் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார். கேள்வி கேட்ட பெண்மணி இறங்கும்போது, "அம்மாடி, அவ்ளோ தூரத்துல இருந்தா வருது? பாவம், பசிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெயர் கடற்காகம் என்று தெரிந்தாலும் எந்தக் கடற்காகம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. குளிர்காலத்தில் இந்தப் பறவைகளைப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு முதலில் வருவது எரிச்சல். பழுப்புத்தலைக் கடற்காகம் என்று பெயர். ஆனால் நம் ஊருக்கு வரும்போது அதன் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மையை விரலால் தொட்டு வைத்ததுபோல ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். பழுப்புத் தொப்பி பங்குனியில்தான் வளரத் தொடங்கும், வளர்ந்ததும் அது கிளம்பிவிடும். "ஆதார் கார்டு போட்டோவுக்கும் ஆளுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி இல்ல இருக்குது" என்று கண்டக்டர் சிரித்தார். கருந்தலைக் கடற்காகம் என்று இன்னொன்று உண்டு. அதற்கும் குளிர்காலத்தில் தலை வெள்ளைதான், அதே பொட்டுதான், அதே சிவந்த அலகுதான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது இறக்கையின் நுனியும் கண்ணும். பழுப்புத்தலைக்கு இறக்கை நுனி அகலமான கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் ஜன்னல் வைத்ததுபோல வெள்ளைப் புள்ளிகள், வெளிறிய கண். கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பு நெடுக வெள்ளை, கண் கறுப்பு. தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் பறவையிடம் இதையெல்லாம் பார்க்க முடியாது. அது எழுந்து பறக்க வேண்டும், அது பறக்கும் நேரமும் எங்கள் பத்து நிமிடமும் ஒன்றாக அமைய வேண்டும்.

கண்டக்டர் வேலூரில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து பைனாகுலர் ஒன்று வாங்கி வந்தார். அதில் ஒரு குழாயில் பூஞ்சை பிடித்திருந்தது. ஆகவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்ப்பார். கட்டம் போட்ட குறிப்பேடு ஒன்றும் வைத்திருந்தார். தேதி, எத்தனை பறவை, எந்தத் திசையில் காற்று, எல்லாவற்றையும் டிக்கெட் கணக்கு எழுதுகிற அதே ஒழுங்கோடு அதில் எழுதுவார். அவரிடம் இருந்தது பட்டன் போன். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவு செய்யும் செயலி ஒன்று இருப்பதை அறிந்து என் கைபேசியில் அதை இறக்கிக்கொண்டேன். அவர் கண்டு சொல்வதை நான் பதிவு செய்வது என்று ஏற்பாடு. விடைத்தாள்கள் வீட்டில் திருத்தப்பட்டன.

அடுத்த குளிர்காலத்தில் ஆறு பறவைகள் வந்தன. முதலில் சொன்னேனே, வண்டியைக் கோட்டைவிட்டு ஓடி வந்து ஏறினார் என்று, அது அப்போதுதான். ஒரு வாரம் கழித்து அவர், "டீச்சர், ஆறும் ஒண்ணு இல்ல. மூணு தினுசு இருக்குது" என்றார். நான்கு பழையபடி பழுப்புத்தலை. ஒன்றின் இறக்கைமேல் பழுப்புத் தீற்றல்கள், வால் நுனியில் கறுப்புப் பட்டை, சிவப்பில்லாமல் மங்கிய அலகு. இன்னொன்று சற்று மெலிந்தது, கண் கறுப்பு, இறக்கையின் முன்பக்கம் வெள்ளை. நாங்கள் புத்தகத்தைப் புரட்டி வால்பட்டை வைத்திருந்ததை வேறு ஏதோ ஒரு கடற்காகத்தின் படத்தோடு பொருத்தினோம். மெலிந்தது கருந்தலை என்று முடிவு செய்தோம். ஒரே ஏரியில் மூன்று இனம் என்று நான் பெருமையாகப் பதிவு போட்டேன்.

நான்கு நாளில் பதிவுகளைச் சரிபார்க்கும் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே மூன்று இனங்கள் ஒன்றாக வருவது அரிது, ஒரே இனத்தின் வெவ்வேறு வயதுப் பறவைகளாக இருக்கலாம், படம் இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஏற்பது கடினம் என்று. அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்ட மாணவியைப் போல உணர்ந்தேன். அந்தக் கூச்சத்தை நான் இறக்கி வைத்த இடம்தான் தவறு. மறுநாள் காலை கண்டக்டர் வழக்கம்போல உற்சாகமாக வந்து, "டீச்சர், இன்னைக்கு அந்த மெலிஞ்சது..." என்று ஆரம்பித்தார். நான் செய்தியைப் பற்றி ஒன்றும் விளக்காமல், "நீங்க கண்டதையெல்லாம் எழுத முடியாது கண்டக்டர். எனக்கு அசிங்கமா இருக்கு" என்றேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மலைக்காரர்கள் நால்வர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குறிப்பேட்டை மூடினார். பிறகு, "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

அதன் பிறகு பத்துப் பதினைந்து நாட்கள் அந்த வண்டியில் பயணம் செய்வது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. டிக்கெட் கொடுத்தார், "வாங்க டீச்சர்" என்றார், அவ்வளவுதான். ஏரிக்கரையில் நிற்கும் பத்து நிமிடமும் டீக்கடைப் பக்கம் போய் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பைனாகுலரைக் காணவில்லை. ஆறு பறவைகளும் அங்கேயேதான் இருந்தன. நான் அவற்றை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, படித்தவள் என்று என்னை நம்பியவரை எல்லோர் முன்னாலும் பொய்யராக்கிவிட்டேனே என்று நினைத்துக்கொள்வேன். மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் நானும் பாதி அவரைச் சந்தேகித்தேன். மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு கண்ணால் பார்க்கும் மனிதருக்கு எவ்வளவு தெரிந்துவிடும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அதை ஒப்புக்கொள்வதுதான் மன்னிப்புக் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

டீக்கடை அக்காதான் விஷயத்தை உடைத்தாள். கண்டக்டர் முன்பக்கம் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் டம்ளரை நீட்டியபடி, "உங்க கண்டக்டருக்கு இன்னாம்மா ஆச்சு? லீவு நாள்லாம் கரையில வந்து குந்திக்கிறாரு. காலையில வந்தா பொழுது சாயத்தான் எழுந்து போறாரு. வூட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டாள். வேலை நாளில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர், விடுமுறை நாளில் போளூரிலிருந்து தனியாக வந்து நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை அவரே வந்தார். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. டிக்கெட் எல்லாம் போட்டு முடித்துவிட்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்தார், குறிப்பேட்டைத் திறந்தார். "டீச்சர், பாதி நான் தப்பு. அந்த வால்ல பட்ட போட்டது வேற சாதி இல்லிங்க. இதுங்களோட குஞ்சு. போன வருசம் பொறந்தது. எங்க வூட்டு சேவலு குஞ்சா இருந்தப்ப ஒரு நெறம், இப்ப ஒரு நெறம். நான் அத யோசிக்கல. அளவும் ஒண்ணுதான், கத்துறதும் ஒண்ணுதான், ஆறும் சேந்து எழுந்தாலும் அது பெருசுங்க கூடத்தான் ஒட்டினு போவுது. வளந்தா கண்ணு வெளுக்கும், வாலு வெள்ளையாவும்." சொல்லி முடித்து மூச்சு விட்டார். தோற்றவரின் முகமே இல்லை அது. புதையல் கிடைத்தவரைப் போல இருந்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். "ஆனா மெலிஞ்சது மட்டும் அது இல்ல டீச்சர். அதுல நான் தப்பு இல்ல. பதினோரு தடவ எறக்கைய விரிச்சு பாத்துட்டேன்." ஒவ்வொரு முறைக்கும் நேரமும் வெயில் விழுந்த திசையும் குறித்து வைத்திருந்தார். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் யாரோ பின்னாலிருந்து கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

சரிபார்ப்பவர் படம் கேட்டிருப்பதை அன்று மாலை அவரிடம் சொன்னேன். என் கைபேசியில் எடுத்தால் ஏரியில் சுண்ணாம்புப் பொட்டு விழுந்ததுபோல வந்தது. என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே, நாங்கள் யோசிக்காத ஒன்று நடந்தது.

அன்று மேலே ஒரு கல்யாணம். சாயங்கால வண்டி முழுக்கக் கல்யாணத்துக்கு வந்து திரும்பும் கூட்டம். பட்டுப்புடவைகள், பூ வாசனை, தூக்குவாளிகள். நிற்க இடமில்லை. மலையிறங்கி ஏரிக்கரையை அடைந்து வழக்கம்போல நின்ற வண்டி, அதன் பிறகு கிளம்ப மறுத்துவிட்டது. கிளட்ச் போய்விட்டது என்று டிரைவர் சொன்னார். மாற்று வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது. அந்தக் கூட்டத்தில் மீசை நரைத்த ஒரு போட்டோக்காரரும் இருந்தார். கல்யாணத்தைப் படம் எடுத்துவிட்டு வருகிறவர். தோளில் பெரிய பை. கண்டக்டர் அந்தப் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூன்று வாரங்களாக என்னைப் பார்க்காத பார்வை அது.

"அண்ணே, அந்த கேமரா எவ்ளோ தூரம் இழுக்கும்?" என்றார் போட்டோக்காரரிடம்.

"கடைசி வரிசையில இருந்து மேடையில இருக்கற மாலையோட நார எண்ணலாம் சார்."

வெயில் எங்கள் முதுகுப் பக்கமிருந்து ஏரிமேல் விழுந்துகொண்டிருந்தது. நடுத்தண்ணீரில் ஆறு பறவைகளும் மிதந்தன. போட்டோக்காரர் நீண்ட லென்ஸை மாட்டினார், பார்த்தார், "உக்காந்துகினு இருக்குது. சிரிக்கச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு கூட்டத்துக்கு ஆர்வம் வந்துவிட்டது. என்ன, எதற்கு என்று கேட்டார்கள். கண்டக்டர் கரைமேல் ஏறி நின்றுகொண்டு, வண்டியில் ஊர் பெயர் கூவும் அதே குரலில் விளக்கினார். எது கிழடு, எது குஞ்சு, எது வேறு சாதி என்று அவருக்குச் சந்தேகம், அதற்கு என்ன பார்க்க வேண்டும், எல்லாம் ஐந்து நிமிடத்தில். பிறகு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "சீட்ல வந்தவங்க எல்லாம் எறக்கையோட முன்பக்கம் பாருங்க. நின்னுகினு வந்தவங்க வாலப் பாருங்க. எறக்க நுனிக் கறுப்புக்குள்ள வெள்ளப் புள்ளி இருக்குதா இல்லியா, அத மட்டும் சொன்னா போதும்." உட்கார்ந்து வந்த கிழவர் ஒருவர் தமக்கு வாலைப் பார்க்கத்தான் இஷ்டம் என்றார். அனுமதி கிடைத்தது.

ஆனால் பறவைகள் எழவில்லை. கல்யாணக் கூட்டத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண் தூக்குவாளியைத் திறந்தாள். உள்ளே காராபூந்தி. "இத போட்டா வருமா?" என்று கேட்டாள். கண்டக்டர் தயங்கினார். காரம் பறவைக்கு ஆகுமா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டீக்கடை அக்கா அதற்குள் ஒரு பொட்டலம் பொரியோடு சாலையைக் கடந்து வந்துவிட்டாள். "ஒரு பிடி போதும்க்கா" என்றார் கண்டக்டர். அவள் கரையின் விளிம்புக்குப் போய் வீசினாள்.

முதலில் ஒன்று தலையைத் திருப்பியது. அடுத்த கணம் ஆறும் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தன. அவ்வளவு பக்கத்தில் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. எங்கள் தலைக்கு மேலேயே வந்தன. கரகரவென்று சண்டை போடும் குரல், வெயில் ஊடுருவி ஒளிரும் சிறகு, மிதக்கும் பொரியைக் குனிந்து கொத்திக்கொண்டு மேலேறும் வளைவு. பட்டுப்புடவைக்காரிகள் கழுத்தை அண்ணாந்து, கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தார்கள். "புள்ளி இருக்குது, புள்ளி இருக்குது", "இதோட வால்ல கறுப்பு", "அதோ, அதோ முன்னால வெள்ள" என்று ஆளுக்கு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரரின் கேமரா ஓயாமல் சத்தமிட்டது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த டிரைவர்கூட வெளியே வந்து கிரீஸ் கையோடு மேலே பார்த்து நின்றார். இத்தனை நாளாக, பறவை பார்ப்பது வேலையில்லாதவன் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

பொரி தீர்ந்ததும் பறவைகள் திரும்பப் போய் நடுத்தண்ணீரில் அமர்ந்தன. நாங்கள் கேமராவின் பின்திரையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றோம். மணமக்களின் படங்கள் வரிசையாக ஓடின, அவற்றுக்குப் பின்னால் கடற்காகங்கள் வந்தன. நான்கு பறவைகளின் இறக்கை நுனியில் வெள்ளை ஜன்னல்கள். ஒன்றின் வாலில் பட்டை, சிறகில் பழுப்பு. கடைசியாக அந்த மெலிந்தது. இறக்கையை முழுதாக விரித்து வெயிலில் நின்ற கணம் அது. முன்விளிம்பு நெடுகக் கோலமாவு இழுத்ததுபோல வெள்ளை, புள்ளி ஒன்றுகூட இல்லை, கண் மிளகுபோலக் கறுப்பு. கருந்தலைக் கடற்காகம். யாருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை. கண்டக்டர் திரையைத் தொட்டுவிடுவதுபோல விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் நான் அவரிடம் போனேன். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எல்லாரும் இருக்கும்போது சொன்னது அதைவிடத் தப்பு. உங்களுக்கு என்ன தெரியும்னு நினைச்சுட்டேன்" என்றேன். அவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு டீச்சர். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லலன்னா நான் கரையில வந்து குந்தி இருக்க மாட்டேன். குஞ்ச வேற சாதின்னே சொல்லிகினு திரிஞ்சிருப்பேன்." பிறகு, "நீங்க போடும்போது அந்த மூணாவது பேர மொதல்ல அழிச்சிடுங்க. அது தப்பு. அப்பறமா இந்தப் படத்த ஏத்துங்க" என்றார். அப்படியே செய்தேன். சரிபார்ப்பவரிடமிருந்து இரண்டு நாளில் பதில் வந்தது. கருந்தலையை ஏற்றுக்கொண்டதாகவும், இளம்பறவையின் வயதைக் குறித்திருந்த விதம் மிக நன்றாக இருப்பதாகவும், பார்த்தவர் எவ்வளவு காலமாக இத்துறையில் இருக்கிறார் என்றும் கேட்டிருந்தார். நான் அதை வண்டியில் உரக்கப் படித்தேன். வேண்டுமென்றேதான் உரக்கப் படித்தேன். "இன்னா துறைன்னு கேட்டா போக்குவரத்துத் துறைன்னு எழுதுங்க டீச்சர்" என்றார் கண்டக்டர். வண்டியே சிரித்தது.

அந்தக் கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கடற்காகங்கள் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். போட்டோக்காரர் மணமக்களிடம் கேட்டுத்தான் வைத்தாராம். மலைமேல் அந்தப் பறவைக்குக் கண்டக்டரு பட்சி என்றே பெயராகிவிட்டது. ஒவ்வொரு கார்த்திகையிலும் வண்டியில் ஏறுகிறவர்கள் "உன் பட்சி வந்துட்ச்சா?" என்று கேட்பார்கள். அவரும், "ரெண்டு வந்துகீது. ஒண்ணு குஞ்சு" என்று துல்லியமாகப் பதில் சொல்வார். என் வகுப்பில் பிள்ளைகள் குளிர்காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால் வால்பட்டை தவறாமல் இடம்பெறும்.

அவர் பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. மகள் பொன்னேரியில் குடியிருக்கிறாள், அவளோடு போய்விட்டார். சென்ற தை மாதம் நானும் என் கணவரும் அங்கே போயிருந்தோம். மறுநாள் விடியலில் அவர் எங்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனார். கையில் புது பைனாகுலர், இரண்டு குழாயும் தெளிவு, மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. முகத்துவாரத்து மணல்திட்டில் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. ஆறு பறவைக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் மல்லுக்கட்டியவர்கள் நாங்கள். இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினோம். என் கணவர் எதற்கென்று புரியாமல் பார்த்தார். கண்டக்டர் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து, இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். "இது முழு வளர்ச்சி. இது போன வருசத்துது. இதுவும் அதே. டீச்சர், எழுதிக்கிறீங்களா?"

திட்டின் கோடியில் தனியாக ஒன்று நின்றது. மற்றவற்றைவிடப் பெரியது, மஞ்சள் அலகு, அதில் கறுப்பு வளையம், கண்ணைச் சுற்றிப் புகைபோல ஒரு நிழல். பெரிய கருந்தலைக் கடற்காகம். மலையடிவாரத்தில் ஒருநாளும் காணக் கிடைக்காதது. சின்னக் கடற்காகங்கள் இரண்டு வருடத்தில் முழுப் பறவையாகிவிடும். இதற்கு நான்கு வருடம் ஆகும், ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு தோற்றம். நான் மூன்றாம் குளிர்காலம் என்றேன். அவர் இரண்டாவது என்றார். வால் நுனியில் மெல்லிய கறுப்புப் பட்டை இன்னும் முழுசாக இருந்தது என்பது அவர் கட்சி. ஒரு சாயல்தான் மிச்சம், அதைப் பட்டை என்று சொல்ல முடியாது என்பது என் கட்சி. பறவை இறக்கையை ஒரே ஒரு முறை நீட்டி மடக்கியது, பிறகு ஒற்றைக்காலில் தூங்கத் தொடங்கியது. நாங்கள் இருவரும் வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்து வாதாடினோம். என் கணவர் இரண்டு முறை போய் இளநீர் வாங்கி வந்தார். கடைசியில் ஒரு படகு வந்தது, திட்டே காலியானது.

இப்போது முதல் பேருந்தில் கண்டக்டராக இருப்பவர் நல்ல மனிதர். ஏரிக்கரையில் வண்டி நிற்கும்போது நான் இறங்கி எண்ணிவிட்டு வரும்வரை காத்திருப்பார். இந்தக் குளிர்காலம் ஒன்பது வந்திருக்கின்றன, அதில் இரண்டு இளசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரியிலிருந்து போன் அடிக்கும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

"டீச்சர், நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். வால்ல பட்ட இருந்துச்சு."

"இல்ல கண்டக்டர்" என்கிறேன் நான்.